மஹய்யாவயில் ஒரு கடுகண்ணாவை ஐயா

சனிக்கிழமை பின்னேரங்களில் பஸ்தியாம்பிள்ளை வீட்டிலிருந்து கண்டிச் சந்தைப் பக்கம் போக வேண்டுமானால், முதலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவார். அவருடைய வீடு மஹய்யாவயில். சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய தேயிலைக் கிட்டங்கிக்கு அங்கிருந்து ரோட்டோடு நேரே இறங்கினால், வாயில் போட்ட வெற்றிலை சாறு வற்றுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் வாசல் ஓரமாக நிற்பார். கொழும்புப் பக்கமிருந்து பின்னேர ரயில் வந்து சனம் வெளியே வரும்போது சனத்தோடு சனமாகக் கலந்துகொள்வார். கோட்டில் இல்லாத கரித்தூளைத் தட்டிவிடுவார். ஒரு பெருமூச்சும் விடுவார். அதன் பிறகுதான் கிட்டங்கிக்கு நடப்பார். ரயில் பிந்தினால் அவரும் பிந்துவார்.

"என்ன மிஸ்டர் பஸ்தியாம்பிள்ளை, கடுகண்ணாவை ஏத்தத்திலை இண்டைக்கும் எஞ்சின் இழுக்கேல்லையோ?" என்று கேட்பார் கிட்டங்கி வாசலில் நிற்கும் வக்கீல், பிரக்கிராசி நடராஜா.

"ஓம் சேர், சரியாக் கஷ்டப்பட்டுப் போட்டுது" என்பார் பஸ்தியாம்பிள்ளை. வீட்டில் "ஆமா" சொல்லுகிற அதே வாய்தான். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் அது யாழ்ப்பாணத்தார் மாதிரி "ஓம்" சொல்லப் பழகியிருந்தது.

இந்தக் கூத்தின் தொடக்கத்தில் பொய்யே கிடையாது. வார்ட் வீதியில் ஒரு சீமைச் சாமான் கடையில் அவர் கிளாக்கராகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துமூன்றில். எந்த ஊர் என்று பெரிய கிளாக்கர் கேட்டார். கடுகண்ணாவை என்றார். அப்போது உண்மையாகவே அங்கேதான் மாமன் வீட்டில் இருந்தார், ரயிலில்தான் வந்து போனார். பிறகு மஹய்யாவ றீற்றாவைக் கட்டினார். றீற்றாவின் அப்பன் முனிசிப்பல் ரோட்டுக்குக் கல்லுடைத்தவர். வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், அவருக்குக் கிடைத்திருந்த வீட்டிலேயே மாப்பிள்ளையும் குடிபுகுந்தார். "இப்பவும் கடுகண்ணாவையிலிருந்துதானா வருகிறீர்?" என்று பெரிய கிளாக்கர் ஒருநாள் கேட்டபோது, லயம் என்ற சொல்லை எடுக்க அவருக்கு நாக்கு எழவில்லை. தலை மட்டும் ஆடியது. ஒரு தரம் ஆட்டிய தலையை அடுத்த நாள் எப்படித் திருப்பி ஆட்டுவது? அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

லயத்துச் சனத்துக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மஹய்யாவக்காரர்கள் தங்கள் வாயைத் தாங்களே மூடிக்கொண்டார்கள். கோட்டுப் போடுகிறவன் கோட்டுக்கு ஏற்ற ஊரும் வைத்துக்கொள்கிறான், போகட்டும் என்று விட்டார்கள். வழியில் கண்டால் "வாங்க கடுகண்ணாவை ஐயா" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்கள். றீற்றாவும் கோபப்பட்டதில்லை. "வெளிய எந்த ஊர்க்காரரா இருந்தா எனக்கென்ன? பசிச்சா இங்கதானே வாறீங்க" என்று சொல்லி அப்பச் சட்டியைத் துடைப்பாள். லயத்து வாசலில் அவள் அப்பம் சுட்டாள். டவுனில் கதிரை போட்டு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிற தமிழ் வீடுகள் பலவற்றுக்கு அவளுடைய கூடை பின்கதவு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது.

பிரக்கிராசி நடராஜா யாழ்ப்பாணத்தவர். கண்டித் தமிழர் கிணற்றுத் தவளைகளாக இருக்கிறார்களே என்பது அவருக்குப் பெரிய கவலை. அந்தக் கவலையில் முப்பதாம் ஆண்டில் அவர் தொடக்கி, தலைவராகவும் இருந்ததுதான் சனிக்கிழமைகளில் கிட்டங்கியில் கூடும் உலக விவகார சபை. காதல், கத்திச் சண்டைப் பயாஸ்கோப்புகள் அங்கே கிடையாது. உலகத்தில் நடப்பதை நடக்கிற இடத்திலேயே போய்ப் பிடித்த படங்கள் மட்டும்தான்: கப்பல் உடைப்பது, கூட்டம் கூடுவது, படை அணிவகுப்பது, வேலையில்லாதவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது. படத்தைக் காட்டி, முடிந்ததும் எல்லோரையும் பேசவைத்து, அபிப்பிராயம் திரட்டி, ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதைச் சம்பந்தப்பட்ட தேசத்துக்குத் தபாலில் அனுப்புவது சபையின் வேலை. எந்தத் தேசமும் பதில் போட்டதில்லை. அதனால் யாரும் மனம் தளரவுமில்லை.

படச்சுருள்கள் கொழும்பில் வெள்ளைக்காரர் பார்த்து, மற்றவர்கள் பார்த்து, எல்லோரும் பார்த்துச் சலித்த பிறகு கண்டிக்கு ரயிலேறும். ஒரு தடவை இங்கிலாந்தில் அரசாங்கம் கவிழுமா கவிழாதா என்று சபை இரண்டு சனிக்கிழமை வாதாடியது. அந்த அரசாங்கம் கவிழ்ந்து மாதக் கணக்காகியிருந்தது. பத்திரிகை படிக்கிற ஒருவர் எழுந்து அதைச் சொல்லப்போக, தலைவர் அங்கேயே ஒரு விதி செய்தார்: சுருளில் உள்ளதற்கு மேல் ஒருவரும் செய்தி கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் கலந்துரையாடுவதற்கு என்ன மிஞ்சும்? விதி நியாயமாகவே பட்டது.

படத்துக்கு வாய் கிடையாது. இடையிடையே இங்கிலீஷ் எழுத்து வந்து, முதல் வரியை வாசிப்பதற்குள் ஓடிவிடும். ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் விளக்க வேண்டும். அந்த வேலை பஸ்தியாம்பிள்ளைக்கு வாய்த்தது. மடக்கிய குடையால் திரையைத் தொட்டுக் காட்டி, கணீரென்ற குரலில் அவர் விளக்கும்போது, ஜெர்மனிக்காரனே வந்து கேட்டாலும் தன் நாட்டைப் பற்றி இவ்வளவும் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கப்படுவான். வாசிக்க முடியாமல் ஓடிய எழுத்துகளை அவர் தாமே எழுதிக்கொண்டார் என்பது உண்மைதான். யார் கண்டார்கள்?

படப்பெட்டி மடவளை தாஸிமுடையது. சைக்கிள் திருத்துகிறவர். ஊர் ஊராகப் படம் காட்டிய ஒரு கம்பனி நொடித்துப் போனபோது அந்தப் பெட்டியை வாங்கிப்போட்டிருந்தார். கையால் சுற்ற வேண்டிய பெட்டி. கிட்டங்கி சன்னல்களைச் சாக்கால் மறைத்துவிட்டு அவர் சுற்றத் தொடங்கினால், சுருள் முடியும்வரை கையை எடுக்க முடியாது. ஓடுகிற சுருள் நின்றால் விளக்குச் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

பெட்டி இருந்தது பின்னால், கதிரைகளுக்கு நடுவே. கதிரைகளில் கிளாக்கர்மார், வாத்தியார்மார், கடை முதலாளிமார். அவர்களுக்கு முன்னால், திரைக்குக் கீழே, நிலத்தில் பாய். பாயில் மஹய்யாவச் சனம். கிட்டங்கிக் கூரை தாழ்ந்தது; வெளிச்சம் பாய்க்காரர்களின் தலைக்குச் சற்று மேலாகத்தான் போகும். ஆகவே பாயில் இருப்பவர் எழும்பக் கூடாது என்று ஒரு விதி. எழும்பினால் படம் மறையும். மிகச் சரி. படம் முடிந்து கலந்துரையாடும்போது அபிப்பிராயம் சொல்கிறவர் எழும்பி நின்று சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதி. அதுவும் மரியாதைதானே? இரண்டு நல்ல விதிகளும் ஒன்றாகச் சேர்ந்ததில் பாய்க்காரர்கள் ஒருநாளும் பேசவில்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சொல்லப்போனால் அப்படி ஒன்று நடக்கிறது என்பதையே கதிரையில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை.

பேசாமல் வந்த சனம் அடுத்த நாள் காலையில் றீற்றாவின் அடுப்படியில் பேசித் தீர்த்தது. றீற்றாவின் சிநேகிதி யோசப்பின் வருவாள், பக்கத்து வீட்டு வீரய்யா வருவார், பைப்படிக்கு வந்த பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். படத்தைக் கண்ணால் பார்க்காதவள் அந்த லயத்தில் றீற்றா ஒருத்திதான். "அங்க நெரிசல், உனக்கு ஒத்துக்காது" என்று பஸ்தியாம்பிள்ளை அவளைப் போகவிட்டதேயில்லை. ஆனால் எல்லோரும் தான் பார்த்ததை அவளிடம்தான் சொன்னார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். வல்லரசுகள் ஆயுதங்களைக் குறைக்கக் கூடிப் பேசிய படத்தைப் பற்றிக் கேட்டபோது, "முதல்ல யாரு கத்தியைக் கீழ போடுறதுன்னு பேச ஒரு கூட்டம் வைப்பாங்க. அந்தக் கூட்டத்துக்குக் கத்தியோடதான் வருவாங்க" என்றாள்.

உள்ளே கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த பஸ்தியாம்பிள்ளை அதைக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆயுதத்தைக் கைவிடுவது பற்றி ஆலோசிக்கும் சபைக்கே ஆயுதபாணிகளாகச் செல்வதுதான் வல்லரசுகளின் வழக்கம் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்" என்றார். கதிரைகள் கைதட்டின. பாயில் யோசப்பின் தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

இப்படியே தாழ்மையான அபிப்பிராயங்கள் சேர்ந்து சேர்ந்து, முப்பத்திரண்டாம் ஆண்டில் அவரைச் சபையின் காரியதரிசியாக்குவது என்று பேச்சு எழுந்தது. தலைவருக்குப் பக்கத்தில் கை வைத்த கதிரை. தீர்மானங்களின் கீழே கையெழுத்து. பஸ்தியாம்பிள்ளை அந்தக் கதிரையைப் பகலிலேயே கனவு கண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனீவாப் படம் வந்தது. சர்வதேச சங்கம் கூடிய காட்சி. ஒரு வாரமாக அவர் வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை. "உலகத்துல உள்ள எல்லா நாடும் ஒரே மண்டபத்துல றீற்றா! சின்ன நாடு, பெரிய நாடு எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கதிரை!" என்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். சொன்னவர் கேட்டவளின் முகத்தைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை அவர் ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட பிறகு, றீற்றா வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு யோசப்பினோடு நேர்வழியாக இறங்கிப் போய், அவருக்கு முன்னதாகவே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டில் அவர் அவளைப் பார்க்கவில்லை. படம் ஓடியது. பெரிய மண்டபம், வரிசை வரிசையாகக் கனவான்கள். ஒல்லியான ஒரு மனிதர் எழும்பி ஏதோ பேசினார். குடை அவருடைய நெற்றியைத் தொட்டது.

"இவர் ஒரு சின்னஞ்சிறு தேசத்தின் பிரதிநிதி" என்று முழங்கினார் பஸ்தியாம்பிள்ளை. "பாருங்கள், வல்லரசுகள் வாய்மூடிக் கேட்கின்றன! இங்கே பேதமில்லை. எழும்பிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு. அதுவே நாகரிகம்!"

றீற்றா புருஷன் சொன்னதை அப்படியே நம்பினாள். எழும்பி நின்றாள்.

ஜெனீவாவின் நடுவில் ஒரு கொண்டை முளைத்தது. பிறகு இரண்டு தோள்கள். சின்னத் தேசத்துப் பிரதிநிதியைக் காணவில்லை. அவர் றீற்றாவின் சேலை முதுகில் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இரு! இரு!" என்று கதிரைகள் கத்தின. "தாஸிம், நிப்பாட்டும்!"

"நிப்பாட்ட ஏலா சேர், நிப்பாட்டினா பத்திரும்!" என்று தாஸிம் இன்னும் வேகமாகச் சுற்றினார்.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் றீற்றா. அடுப்படியில் பேசுகிற குரல்தான். "அந்த ஆளு எழும்பினதும் அங்க யாரும் இருன்னு கத்தலையே. படம் முடிஞ்சு விளக்குப் போட்ட பொறகாவது நாங்களும் எழும்பிப் பேசலாமா? அதைத்தான் கேட்டேன்."

"ஆர் இந்தப் பொம்பிளை?" என்றார் தலைவர். பின்னாலிருந்து ஒருவர், "நம்ம வீட்டுக்கு அப்பம் கொண்டாற மனுசி மாதிரி இருக்கு" என்றார். தலைவர் திரைப் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் பஸ்தியாம்பிள்ளை, நீர்தான் கிட்ட நிக்கிறீர். உமக்கு இவவைத் தெரியுமோ?"

றீற்றா அவரைப் பார்த்தாள். வெளிச்சம் முழுக்க அவள் முதுகில் இருந்ததால் அவருக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று பின்னாளில் அவரே தமக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அது வெறும் பேச்சு. நன்றாகத் தெரிந்தது. காரியதரிசிக் கதிரையும் தெரிந்தது, வருடக் கணக்காகச் சுற்றிய ஸ்டேஷன் வழியும் தெரிந்தது. பயந்துபோனார்.

"தெரியாது சேர்" என்றார்.

பாயில் இருந்த ஒவ்வொருவரும் அந்த இருவரின் கல்யாணச் சோறு தின்றவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. றீற்றா மெல்ல உட்கார்ந்தாள். ஜெனீவா திரும்ப வந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டு, சிறு தேசங்களின் குரலுக்கு வல்லரசுகள் செவிசாய்க்க வேண்டும் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதன் வாசகம் பஸ்தியாம்பிள்ளையுடையது. ஊருக்குத்தானே உபதேசம்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர் வழக்கம் தவறாமல் ஸ்டேஷன் பக்கமாக நாலடி நடந்து, பிறகுதான் மஹய்யாவக்குத் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்னா? எந்த ஊரு?"

"றீற்றா, கதவத் தெற."

"கடுகண்ணாவைக்கு இன்னும் ரயில் இருக்கே ஐயா" என்றது உள்ளேயிருந்து குரல்.

கதவு பிறகு திறந்தது. ஆனால் புருஷனுக்காக அல்ல, வந்த விருந்தாளிக்காக. அதற்குள் வீரய்யா தன் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். துரை ஒருவர் சீமைக்குப் போனபோது ஏலத்தில் எடுத்த கதிரை. அந்த லயத்திலேயே அது ஒன்றுதான். றீற்றாவின் வாசலில் அதைப் போட்டு, தோள் துண்டால் தட்டி, "உக்காருங்க ஐயா. தெரியாத இடத்துக்கு வந்திருக்கீங்க, களைப்பா இருப்பீங்க" என்றார். பஸ்தியாம்பிள்ளை உட்கார்ந்தார். சுற்றிலும் எல்லோரும் நிலத்தில் உட்கார்ந்தார்கள். "கடுகண்ணாவைப் பக்கம் மழையா ஐயா?" என்று ஒருவர் கேட்டார். உலகத்தில் எந்தக் கதிரையும் அவருக்கு அவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

அந்த வாரம் முழுவதும் அவர் சொந்த வீட்டில் விருந்தாளி. சாப்பாடு தட்டம் மூடி வாசலுக்கு வந்தது. படுக்கை தாழ்வாரத்தில் விரித்திருந்தது. தலைவாரக் கண்ணாடி கேட்டால், "வந்தவங்களுக்குக் கண்ணாடி குடுங்க" என்று றீற்றா யோசப்பினிடம் சொல்லி அனுப்பினாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத மரியாதை. அந்த மரியாதையில் மனிதர் பாதியாக மெலிந்தார்.

யோசப்பினுக்கே மனம் இளகிவிட்டது. "போதும்டி றீற்றா. வேதத்துல வர்ற சீடரு இராயப்பரே ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தரம் சொன்னாரு. உம் புருஷன் ஒரு தரந்தானே?" என்றாள்.

"இராயப்பருக்குக் குளிரு. யாரோ வீட்டு முத்தத்து நெருப்புல கை காய வேண்டியிருந்துச்சு" என்றாள் றீற்றா. "இவருக்கு எதுக்கு? என் அடுப்பு இங்கதானே எரிஞ்சுக்கிட்டு இருக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியது புகையாலென்று யோசப்பின் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் அடுப்படிக்கு வந்து குந்தி உட்கார்ந்தார். "றீற்றா, நான் செஞ்சது பிழைதான். மன்னிச்சிரு" என்றார் மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில்.

"அத்தனை பேருக்கு முன்னால, அவ்வளவு வெளிச்சத்துல வச்சுத் தெரியாதுன்னீங்க. இங்க புகைக்குள்ள வந்து மன்னிப்பா?" என்றாள். "வெலகி உக்காருங்க ஐயா. தீப்பொறி தெறிக்கும்."

மறுநாள் சனிக்கிழமை. படம் லண்டன். படம் முடிந்ததும் காரியதரிசித் தெரிவு. கை வைத்த கதிரையைத் துடைத்து மேடையில் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பஸ்தியாம்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. லயத்துச் சனத்தோடு நேர்வழியாக இறங்கினார். எல்லோரும் பார்க்கட்டும், பார்த்துக் கேட்கட்டும், கேட்டதும் சொல்லிவிடலாம் என்பது அவருடைய திட்டம். றீற்றாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். "எழும்பக் கூடாத எடத்துக்கு நான் எதுக்கு?" என்று அவள் வரவில்லை.

கிட்டங்கி வாசலில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரயில் இன்னும் வரேல்லையே. நீர் என்னெண்டு வந்தீர்?"

"நடந்து வந்தன் சேர்" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"கடுகண்ணாவையிலிருந்தோ!" தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை மறுபேச்சுப் பேசவிடாமல் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய், சபைக்கு அறிவித்தார்: "கனவான்களே! ரயில் பிந்துமெண்ட பயத்திலை மிஸ்டர் பஸ்தியாம்பிள்ளை கடுகண்ணாவையிலிருந்து கால்நடையா வந்திருக்கிறார். உலக விவகாரத்திலை உள்ள பற்றெண்டால் இதுவெல்லோ பற்று!" கதிரைகள் எழும்பி நின்று கைதட்டின. உண்மையைச் சொல்ல வந்த மனிதர், முன்பு ஒருநாளும் இல்லாத அளவுக்குப் பெரிய கடுகண்ணாவைக்காரராகிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். மறைத்ததை வெளியே எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

சாக்குகளை இறக்கினார்கள். தாஸிம் சுற்றத் தொடங்கினார். லண்டன் வந்தது: ஆறு, பாலம், பாராளுமன்றம். பஸ்தியாம்பிள்ளை குடையைத் தூக்கினார். திரையைத் தொடாமலே இறக்கினார். "விளங்கப்படுத்தும், விளங்கப்படுத்தும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் குடையைச் சுவரோடு சாத்தினார். சப்பாத்தைக் கழற்றினார். பாயில் மிதித்து, போன வாரம் றீற்றா எழும்பிய அதே இடத்துக்குப் போய், வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து நின்றார்.

பாராளுமன்றம் மறைந்தது.

"ஆர் அது? மறையுது! இரும்!"

"நான் பஸ்தியாம்பிள்ளை" என்றார். கண் கூசிக் கண்ணீர் வடிந்தது, கூசியதால் மட்டுமல்ல. "நான் கடுகண்ணாவையில இல்ல. எங்க வீடு மஹய்யாவயில, லயத்துல. போன கிழமை இங்க எழும்பினவ எம் பொண்டாட்டி றீற்றா. நீங்க எல்லாம் காலையில திங்கிற அப்பம் அவ சுட்டது. நான் இங்க சொன்ன அபிப்பிராயமெல்லாம் அவ சொன்னது. எனக்கு அவளைத் தெரியும்."

"தாஸிம், நிப்பாட்டும்!"

"ஏலா சேர், பத்திரும்!"

லண்டன் பாலத்தில் பஸ்கள் அவருடைய கோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தன. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்ததில் மூளை கலங்கிவிட்டதோ என்று தலைவர் முதலில் உண்மையாகவே பயந்தார். பிறகு விளங்கிக்கொண்டார். விளங்கியதும், சட்டத்தரணியல்லவா, சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாயிலை நிக்கிறவர் எழும்பிப் பேச ஏலாது" என்றார். "அது சபை விதி. இரும்."

ஆகவே பஸ்தியாம்பிள்ளை சொன்னது சபையில் சொன்னதாக ஆகவில்லை. அதைப் பற்றிக் கலந்துரையாடவுமில்லை. கீழேயிருந்து வீரய்யா அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க, பின்னால உள்ளவங்களுக்கு மறைக்குதாம்" என்று பாயில் சற்று ஒதுங்கி இடம் விட்டார். பஸ்தியாம்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து மிச்ச லண்டனை அண்ணாந்து பார்த்தார். விளக்கம் சொல்ல ஆளில்லாமல் அது பேசாமல் ஓடி முடிந்தது. காரியதரிசியாக ஒரு புடவைக்கடை முதலாளி தெரிவானார். அவருக்கு உலக விவகாரத்தில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் வீடு ஊரறிய டவுன் நடுவில் இருந்தது.

லயத்துக்குச் சனம் திரும்பியபோது றீற்றா வாசலில் அப்பமாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன படம்?" என்று கேட்டாள், யாரையும் பாராமல்.

"லண்டன்" என்றாள் யோசப்பின். "நடுவுல யாரோ ஒருத்தரு எழும்பி மறைச்சிட்டாரு."

றீற்றாவின் கை நின்றது. "யாரு?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் யோசப்பின், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "உங்களுக்குத் தெரியுமா வீரய்யா அண்ணே?" வீரய்யாவுக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் போனார்கள். கடைசியாக வந்தவர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். கதிரை அங்கேயே கிடந்தது. அவர் அதில் உட்காரவில்லை.

"வெளிச்சத்துலயா?" என்று கேட்டாள் றீற்றா.

"முழு வெளிச்சமும் எம் மேலதான்."

"மறைஞ்சுதா?"

"மறைஞ்சுது."

"லண்டன் முழுசுமா?"

"முழுசும் இல்ல" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "பாராளுமன்றம் மறைஞ்சுது. பாலத்துல பாதி மறைஞ்சுது."

அவள் மாவுச் சட்டியை மூடினாள். கையைக் கழுவினாள். சேலையில் துடைத்துக்கொண்டாள். அவசரப்படவேயில்லை.

"உள்ள வாங்க" என்றாள். "மொதல்ல அந்தக் கதிரையைக் கொண்டுபோய் வீரய்யா அண்ணன் வீட்டுல குடுத்துட்டு வாங்க."

பஸ்தியாம்பிள்ளை கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வீரய்யா.

"றீற்றா புருஷன்" என்றார் அவர், லயம் முழுக்கக் கேட்கும்படி.